இருபத்தொரு பேருக்கு ஒரு முகம்

எங்கள் ஊரில் கதை சொல்கிறவன் முதலில் ஒரு கல் உப்பை நாக்குக்கடியில் போட்டுக்கொள்ள வேண்டும். அது கரைகிற வரைக்கும் அவன் சொல்வது நிஜம், கரைந்த பிறகு சொல்வது அவன் சாமர்த்தியம். நான் இன்றைக்குக் கொஞ்சம் பெரிய கல்லாகவே போட்டிருக்கிறேன். பயப்படாமல் உட்காருங்கள். பயப்பட வேண்டிய இடம் வரும்போது நானே சொல்கிறேன்.

எங்கள் ஊரான உப்போடைக்கு மூன்று பக்கம் உப்பளம், நாலாவது பக்கம் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலை எனக்கு. ஊருக்குள் குழாய்த்தண்ணீர் வந்த வருஷம், காலாண்டுப் பரீட்சை லீவு முடிந்த திங்கட்கிழமை காலையில் நான் இரண்டாம் மணியை அடித்துவிட்டுத் திரும்பினால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரில் இருபத்தொரு பேர் ஒரே முகத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். ஆண்பிள்ளை முகமும் இல்லை, பெண்பிள்ளை முகமும் இல்லை. புருவம் கொஞ்சம் அடர்ந்து, மேலுதட்டில் புகை படிந்த மாதிரி ஒரு நிழல் விழுந்து, தாடையில் இடது பக்கம் ஒரே ஒரு பரு பழுத்து, கண் மட்டும் எதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, அப்படி ஒரு முகம். சடை போட்டதிலும் அந்த முகம்தான், கிராப்பு வெட்டியதிலும் அந்த முகம்தான்.

வீட்டில் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். பதிமூன்று வயசுப் பிள்ளையின் முகத்தை எந்த வீட்டில் யார் பார்க்கிறார்கள்? தட்டைப் பார்ப்பார்கள், மிச்சம் வைத்திருக்கிறதா என்று. காலைப் பார்ப்பார்கள், சேறு இருக்கிறதா என்று. அளத்துக்குப் போகிற தாய்மார் விடிவதற்கு முன்னால் போய்விடுகிறவர்கள். ஹெட்மாஸ்டர் அருளானந்தம் சார் ஆள் அனுப்பிக் கூப்பிட்ட பிறகுதான் வந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஒரே சமயத்தில் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "இது எங்க வீட்டுச் சாயல் இல்ல. உங்க பிள்ளைகிட்ட இருந்து தொத்தியிருக்கு."

ஊர் என்பது எதையும் பத்து நாளில் பழக்கமாக்கிவிடும். முதல் வாரம் வேப்பிலை கட்டினார்கள், கோயிலுக்கும் சர்ச்சுக்கும் சமமாக நேர்ந்துகொண்டார்கள், தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதில் டாக்டர் பருவுக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். இரண்டாம் வாரம், எந்தப் பிள்ளை எந்த வீட்டு நடையில் வந்து நின்றாலும் சோற்றைப் போடுவது என்று பெண்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டார்கள். அதனால் மீன்குழம்பு வாசம் வருகிற வீட்டில் சில நாள் ஏழு பிள்ளைகள் சாப்பிட்டன, ரசம் வைத்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. வகுப்புப் படம் எடுக்க வந்த போட்டோக்காரர் ஒருத்தரை மட்டும் எடுத்து இருபத்தொரு காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். யாரும் குறை சொல்லவில்லை.

அந்த இருபத்தொரு பேரில் ஒருத்தியான உலகம்மாள் என்கிற உலகுவின் தாய் சேர்மக்கனிக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் நேரே சலவைக்கார மாசானத்திடம் போனாள். மாசானம் சேங்கொட்டைச் சாற்றில் ஊசியைத் தொட்டுத் துணி மூலையில் வீட்டுக்கொரு குறி போடுகிறவர். முந்நூறு வீட்டுக் குறி அவருக்கு மனப்பாடம், வெள்ளாவியில் நாற்பது வேட்டி ஒன்றாக வெந்தாலும் ஒரு வேட்டி வீடு மாறிப் போனதில்லை.

"எங்க வீட்டுக்கு மூணு புள்ளிதானே அண்ணாச்சி. அதை என் மக காதுக்குப் பின்னால போட்டு விடுங்க."

"ஏ தாயி, துணிக்குப் போடுதது தோலுக்கு ஆகாது. வெந்து புண்ணாயிரும்."

"ஆனா ஆகட்டும். எம்பிள்ளை எதுன்னு தெரியணும்லா."

அவர் மாட்டேன் என்றார். சேர்மக்கனி சேங்கொட்டையை வாங்கி வந்து தானே போட்டாள். மறுநாள் இருபத்தொரு பிள்ளைக்கும் காதுக்குப் பின்னால் மூன்று புள்ளி, மூன்றும் கொப்புளம். அப்போதுதான் விஷயம் விளங்கியது. அருளானந்தம் சார் அதே வாரத்தில் ஒருத்தனுக்கு உள்ளங்கையில் ஒரு அடி போட்டார், இருபத்தொரு உள்ளங்கை தடித்தது, ஆனால் ஒரு பிள்ளைகூட முகத்தைச் சுளிக்கவில்லை. ஏன் சுளிக்க வேண்டும்? இருபத்தொரு பங்காகப் பிரித்த வலி கொசுக்கடி. இருபத்தொரு பங்காகப் பிரித்த பாவம் அதைவிடச் சின்னது, இருக்கிற இடமே தெரியாது. இதைப் பெரியவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தண்ணீர்ப்பானை உடைந்தது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் சோற்றுவாளியில் மண் விழுந்தது, நான் மணி அடிக்கிற கட்டை காணாமல் போனது. யாரென்று கேட்டால் இருபத்தொரு வாயும் ஒரே குரலில் "தெரியாது" என்றன.

இருபத்திரண்டாவது பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லையே. அது கோமு. அளத்தில் உப்பு சுமக்கிற பொன்னுத்தாயின் ஒரே மகள். வகுப்பிலேயே குட்டை, பன்னிரண்டரை வயசு, இன்னும் பால்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. போன வாரம் இருந்த அதே முகம் இந்த வாரமும் இருந்தது அவளுக்கு மட்டும்தான். கோமுவுக்கு நியாயம் என்றால் சார் சொல்வது. தப்பு என்றால் சாரிடம் போய்ச் சொல்லவேண்டியது. "சார், இவன் கிள்ளுதான் சார். சார், இவ என் ரப்பரை எடுத்துட்டா சார்." போன வருஷம் வரைக்கும் வகுப்பே அப்படித்தான் சாரைச் சுற்றி மொய்த்துக்கொண்டு நின்றது. இப்போது அந்த இருபத்தொரு பேருக்கும் ஒரே ஒரு நியாயம்தான் மிச்சம் இருந்தது: காட்டிக்கொடுக்கக் கூடாது.

அந்தக் கோமுவுக்குத்தான் யார் யாரென்று தெரிந்தது.

ஒருநாள் மத்தியானம் தன் போக்கில் சொன்னாள்: "பானையை உடைச்சது மூக்காண்டி சார். அந்தா, ரெண்டாவது பெஞ்சுல ஓரத்துல இருக்கான் பாருங்க." கூப்பிட்டு வீட்டு விலாசம் கேட்டால் மூக்காண்டியேதான். எப்படிட்டி கண்டுபிடித்தாய் என்றால், "பாத்தாத் தெரியுதே" என்றாள், அவ்வளவுதான் அவள் சொன்ன விளக்கம்.

இங்கேதான் பெரியவர்களாகிய நாங்கள் புத்திசாலித்தனம் செய்தோம். சாயங்காலமானால் தாய்மார் கோமுவை வீடு வீடாகக் கூட்டிப்போனார்கள். "ஏட்டி கோமு, இது யாரு பெத்தது, பாத்துச் சொல்லு." அவள் சொல்வாள். கையில் ஒரு முறுக்கு. அடுத்த வீடு. "இது உலகு இல்ல அத்தை. உலகு பின்னால நிக்கா." கையில் ஒரு அச்சுவெல்லம். அருளானந்தம் சார் அவள் பெஞ்சைத் தன் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நானும் ஒரு பெப்பர்மிண்ட்டைக் கொடுத்து என் மணிக்கட்டையை எடுத்தது யார் என்று கேட்டேன். கட்டை கிடைத்தது. அன்றைக்கு மணி அடிக்கும்போது எட்டாம் வகுப்பு ஜன்னலில் இருபத்தொரு முகம் தெரிந்தது. எல்லாம் கோமுவைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் கிணற்றடிக்கு நடந்தால் இருபத்தொரு தலையும் கிணற்றடிப் பக்கம் திரும்பின, அவள் நின்றால் நின்றன. ஒன்றாவது ஒரு கண்ணிமைப்பு முந்தியிருக்கலாம், பிந்தியிருக்கலாம். இல்லை. நான் சொன்னேனே, பயப்பட வேண்டிய இடம், அது அங்கே இருந்தது. நான் கட்டை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

கோமுவுக்கு ஒரே ஒரு சிநேகிதி உண்டு என்றால் அது உலகுதான். இரண்டு பேருக்கும் பொதுவாக ஐந்து சொட்டாங்கல், ஆற்றிலிருந்து யாரோ கொண்டுவந்த வழுவழுப்பான வெள்ளைக்கல். ஒரு வாரம் இவள் வீட்டில், ஒரு வாரம் அவள் வீட்டில். முகம் மாறியதிலிருந்து கல் ஐந்தும் கோமு பாவாடையில் முடிந்தபடியே இருந்தன. உலகு கேட்கவும் இல்லை, இவள் கொடுக்கவும் இல்லை.

கார்த்திகை அமாவாசை அன்று கோமு புத்தகப்பையோடு வீட்டைவிட்டுக் கிளம்பினாள், பள்ளிக்கூடம் வந்து சேரவில்லை.

பத்து மணிக்குப் பொன்னுத்தாய்க்கு ஆள் போனது. பஸ் நிற்கிற இடம், கடற்கரை, கோயில் கிணறு என்று ஆண்கள் தேடினார்கள். பதினொரு மணிக்கு மாசானம் துணிமூட்டையோடு பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தவர், மைதானத்தில் நிறுத்தியிருந்த இருபத்தொரு பிள்ளைகளின் பாவாடை ஓரத்தையும் கால்சட்டை ஓரத்தையும் குனிந்து பார்த்தார், ஒன்றை விரலால் தேய்த்து மோந்தார்.

"இது உப்புப் பாத்திச் சேறு இல்ல. பாத்திச் சேறு வெள்ளையாக் காயும். இது வெயில் படாத கசடு, நாலு தண்ணி அலசுனாலும் போகாது. கல்தொட்டிக் கசடு."

கல்தொட்டி என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டும். முன்காலத்தில் உப்புக் கம்பெனிக்காரன் தரைக்குள் இறக்கிக் கட்டிய ஒன்பது தொட்டிகள், நாலு மைல் உப்பளத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. மேலே கல்மூடி, பத்து ஆள் சேர்ந்தால்தான் நகரும். அடியில் ஒரு மதகு, கடலோடு சேர்ந்தது. அமாவாசைக் கடலேற்றத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே வந்து மூடியைத் தொடும். ஏற்றம் அன்றைக்குப் பன்னிரண்டரைக்கு. ஒன்பதையும் திறந்து பார்க்கப் பொழுது சாய்ந்துவிடும்.

"எந்தத் தொட்டி?" என்றார் அருளானந்தம் சார்.

"தெரியாது" என்றன இருபத்தொரு வாயும்.

ஒரு தகப்பன் ஓடிவந்து கைக்குக் கிடைத்த பிள்ளையை அறைந்தான். இருபத்தொரு கன்னத்தில் ஐந்து விரல் பதிந்தது. ஒரு கண்ணில்கூடத் தண்ணீர் இல்லை. கெஞ்சினார்கள், சாமி மேல் சத்தியம் கேட்டார்கள், போலீஸ் என்றார்கள். கெஞ்சலும் மிரட்டலும் இருபத்தொன்றாகப் பிரிந்து போய்ச் சேர்ந்தன. கோமு இருந்தால் காட்டிக்கொடுத்திருப்பாள், இது இன்னார், இது இன்னார் என்று. அவளைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

அப்போது பொன்னுத்தாய் வந்தாள். அளத்திலிருந்து அப்படியே வந்தவள், காலெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. அவள் முதலில் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தாள்.

"எம்பிள்ளையை வீடு வீடாக் கூட்டிட்டுப் போனது யாரு?"

சேர்மக்கனி தரையைப் பார்த்தாள். அருளானந்தம் சார் கண்ணாடியைத் துடைத்தார். "தெரியலையே" என்று ஒரு சத்தம் வந்தது. யார் வாயிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது, எல்லார் வாயும் கொஞ்சம் அசைந்திருந்தது, என்னுடையதும் அசைந்தது. மைதானத்தில் அந்த நேரம் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று இல்லாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

அவள் அதற்குமேல் எங்களைக் கேட்கவில்லை. வரிசையின் முதல் பிள்ளைக்கு முன்னால் போய் நின்றாள், உப்புக்கையால் அதன் தாடையைத் தொட்டாள்.

"உலகு, எந்தங்கம். கோமுவுக்கு இருட்டுன்னா பயம்லா."

அது நேரே முன்னால் பார்த்தபடி நின்றது. அது உலகு இல்லாமலும் இருக்கலாம். அவள் அடுத்ததற்கு நகர்ந்தாள். அதே தாடை, அதே பரு. "உலகு, எந்தங்கம். கோமுவுக்கு இருட்டுன்னா பயம்லா." அடுத்தது. கத்தவில்லை, அவசரப்படவில்லை, ஒரு வார்த்தையைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சடை, கிராப்பு என்று பார்க்காமல் ஒவ்வொன்றிடமும் இதுதான் உலகு என்று நம்பிக் கேட்கிற மாதிரியே கேட்டாள். சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது, உப்பளத்துப் பக்கமிருந்து தண்ணீர் ஏறுகிற வாடை வர ஆரம்பித்தது, எங்களில் யாருக்கும் அந்த வரிசையைக் குறுக்கே வெட்டி நடக்கத் தைரியம் வரவில்லை. எட்டு. ஒன்பது. பத்து. "உலகு, எந்தங்கம்." பதின்மூன்று. பதினான்கு. "இருட்டுன்னா பயம்லா."

பதினேழாவது முகத்தில் உதடு கோணியது.

மற்ற இருபது உதடும் கோணவில்லை. இரண்டு மாதத்தில் முதல்முறையாக ஒரு முகம் தனியாக ஒன்றைச் செய்தது. கண்ணில் தண்ணீர் கோத்தது, அது அந்த ஒரு கன்னத்தில் மட்டும் இறங்கியது. பிறகு அந்த முகம், எப்படிச் சொல்ல, பாத்தியில் காய்ந்த உப்புப் பொருக்கு மிதித்தால் விரியுமே, அப்படி விரிந்தது. புருவம் ஒன்று மேலேறியது, தாடை கூர்ந்தது. வலி மொத்தமும் பங்கு பிரியாமல் ஒரே உடம்பில் வந்து இறங்கியதில் அந்தப் பிள்ளை முழங்காலில் விழுந்தது.

"மூணாவது தொட்டி சித்தி," என்றது. "நாந்தான் சொட்டாங்கல் விளையாட வாட்டின்னு கூப்பிட்டேன். நான்னு தெரிஞ்சுதான் வந்தா. அவ உள்ள இறங்குனதும் மூடியை எல்லாருமாத் தள்ளினோம்."

ஆண்கள் ஓடினார்கள், நானும் ஓடினேன். மூடியைப் புரட்டியபோது உள்ளே தண்ணீர் கறுப்பாக, ஆடாமல் நின்றது. கோமு ஒரு மூலையில் நுனிக்காலில் நின்று முகத்தை அண்ணாந்து வைத்திருந்தாள், மூக்கும் வாயும் மட்டும் வெளியே. தூக்கியபோது வலதுகை விரியவில்லை. மூன்று பேர் சேர்ந்து விரித்தோம், உள்ளே ஐந்து கல்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் அவளைப் பாயில் கிடத்தித் தேய்த்துச் சூடு வரவைத்தார்கள். கண் திறந்தாள். சுற்றி நின்றவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டே வந்து உலகுவிடம் வந்ததும் நிறுத்தினாள். உலகு முகம் பழைய உலகு முகம் இல்லை. அது திரும்பி வரவில்லை, யார் முகமும் இல்லாத புதுசு ஒன்று வந்திருந்தது. சேர்மக்கனிக்கே அது பழக ஒரு வாரம் ஆனது.

இருபத்தொரு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்ட கோமு கேட்டாள்: "யம்மா, இது யாரு?"

எட்டு நாள் காய்ச்சலில் கிடந்து ஒன்பதாம் நாள் கோமு பள்ளிக்கூடம் வந்தாள். ஆடிய பல் விழுந்திருந்தது. மேலுதட்டில் புகை மாதிரி நிழல், தாடையில் இடது பக்கம் ஒரு பரு. நேரே போய் இருபது பேருக்கு நடுவில் உட்கார்ந்தாள், அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அருளானந்தம் சாரின் வருகைப் பதிவேட்டில் ஒன்றும் குறையவில்லை: ஒரே முகம் இருபத்தொன்று, தனி முகம் ஒன்று. உலகு பின்னால் ஒரு பெஞ்சில் தனியாக இருந்தாள், யாரும் அவளோடு பேசவில்லை. நாலு நாள் கழித்து அலுவலக அறை ஜன்னல் கண்ணாடியில் ஒரு கல் விழுந்தது.

மனிதனுக்குப் புத்தி வருகிற வேகம் உங்களுக்குத் தெரியும். நான் ஒரு பெப்பர்மிண்ட்டை எடுத்துக்கொண்டு உலகுவிடம் போனேன்.

"உனக்கு இப்ப எல்லாரையும் தெரியும்லா. யாரும்மா எறிஞ்சது?"

அவள் பெப்பர்மிண்ட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பதிமூன்று வயசுக்கு அவ்வளவு நேராகப் பார்க்க வராது.

"கோமுகிட்டயும் நீங்க இப்படித்தானே கேட்டீங்க பெரியப்பா."

நான் பெப்பர்மிண்ட்டைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும். ஆனா அவுககிட்டயே கேளுங்க. சொல்லுத வரைக்கும் நில்லுங்க. கோமு அம்மா நின்னால்லா."

அந்த ஐந்து கல்லையும் பொன்னுத்தாய் உலகுவிடமே கொடுத்துவிட்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு உலகு கிணற்றடியில் உட்கார்ந்து தனியாக வீசி விளையாடுவாள், ஒன்றை மேலே எறிந்து நாலைக் கூட்டுவாள், கூட்டிக் கீழே வைப்பாள். ஒரு வாரம் அப்படிப் போனது. அடுத்த வாரம் ஒருநாள் நான் மணியடித்துவிட்டுத் திரும்பினால், அவளுக்கு எதிரே அந்த முகம் ஒன்று வந்து குத்தவைத்து உட்கார்ந்திருந்தது. விளையாடவில்லை. கல் மேலே போவதையும் கீழே வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தது. உலகு ஏறிட்டுப் பார்க்காமல் ஒரு கல்லை அதன் பக்கம் தள்ளி வைத்தாள்.

அது கோமுவாக இருக்கலாம். தொட்டி மூடியில் முதலில் கைவைத்த பிள்ளையாகவும் இருக்கலாம். உலகுவுக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. மணிக்கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த மணி அடிக்கிற நேரம் தாண்டிப் போயும், அடிக்காமல் நின்றேன்.

நாக்குக்கடியில் பாருங்கள், உப்பு இன்னும் கரையவில்லை.